மூடி மாற்றியவர்கள்

கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டு, இமையை மூடியபடி வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெரியவர்கள்கூட என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் தலையைத் திருப்பினார்கள்.

"ரெண்டு பாட்டில்லயும் தண்ணிய ரொப்பிக் குடுத்துட்டு ஆராய்ச்சின்னு பேர் வெச்சிகினு இருக்கீங்களா? என் பையன் கண்ணு இன்னா உங்களுக்கு வெளையாட்டு சாமானா?"

எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் அனுராதா அவரைக் கத்தவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நிமிஷம் வரை வெட்கம் மட்டும்தான்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தேவயானி, பத்து வயது. அடுத்தவன் வளவன், எட்டு. இரண்டு பேருக்கும் கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கல். கண்ணாடி போட்டும் நிற்கவில்லை, வருஷா வருஷம் பவர் ஏறிக்கொண்டே போனது. அன்றைக்குக் காலை இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, கண்ணாடி அளவு பார்க்க நர்ஸ் வேறு அறைக்குக் கூட்டிப் போயிருந்தாள். வளவனுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு மடங்காகியிருந்தது. தேவயானியுடையது போன வருஷம் எங்கே இருந்ததோ அங்கேயே நின்றிருந்தது. டாக்டர் இரண்டையும்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் அசோக்குமார் காதில் முதலாவது மட்டும்தான் விழுந்தது.

"ரெண்டுலயும் தண்ணின்னு எப்படிச் சொல்றீங்க? பொண்ணுக்கு ஏறலையே," என்றார் டாக்டர்.

"பொண்ண வுடுங்க மேடம். பொண்ணோட பாட்டில்லதான் மருந்து இருக்குதுன்னு தெரிஞ்சுதானே நாங்க மாத்துனோம்! மாத்திக் குடுத்தும் பையனுக்கு ஏறுதுன்னா..."

அதோடு வாய் நின்றுவிட்டது.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன மாத்துனீங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. எப்போதும் நான்தானே சமாளிப்பது. அன்றைக்கு நானும் அதே கேள்வியைக் கேட்டேன். "என்னாத்தங்க மாத்துனீங்க?"

நடந்தது இதுதான். பிள்ளைகளின் கண் கெடுவதை மெதுவாக்குகிற சொட்டு மருந்து ஒன்று இருக்கிறது, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிறோம் என்று போன வருஷம் இந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தினம் ராத்திரி படுக்கும்போது ஒரு சொட்டு. பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து உள்ள பாட்டில், பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து இல்லாத பாட்டில். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது மாதிரி குலுக்கிப் போடும். எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆசையும் பயமும் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்றார் டாக்டர். மருந்து நல்லது என்று முடிவானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்போம் என்றும் சொன்னார்.

இவ்வளவையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவள் நான். குறுக்குக் கேள்வி கேட்டவளும் நான். கடைசியில் கையெழுத்துப் போடும் நேரம் வந்ததும், அங்கே இருந்த பெண், "பிள்ளைங்களோட அப்பா வந்திருக்காரா?" என்றாள். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த மனிதரைக் கூப்பிட்டு வந்து கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. சரி, பிள்ளைகளுக்கு நல்லது நடந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த இரண்டு பாட்டிலிலும் நீளமாக ஒரு எண் இருந்தது. அவசரத்தில் எது யாருடையது என்று தெரியாது. அதனால் தேவயானியுடைய பாட்டில் மூடியில் என் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். பொட்டு வைத்தது அவளுக்கு, வைக்காதது அவனுக்கு. மாதாமாதம் புது பாட்டில் வரும், மாதாமாதம் பொட்டு ஒட்டுவேன்.

நான் ஒரகடம் பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் சாயங்கால ஷிப்ட். சாயங்கால ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ் என்னைக் கொண்டுவந்து விடும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அந்த வாரம் முழுக்க என் மாமனார் வேதாசலம்தான் சொட்டு விடுவார். மறு வாரம் நான் விடுவேன்.

இப்போது என் வீட்டுக்காரர் தட்டுத்தடுமாறிச் சொன்னதில் தெரிந்தது என்னவென்றால், நான் பொட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டு நகர்ந்ததும், ஒவ்வொரு மாதமும் யாரோ இரண்டு பாட்டிலின் மூடியையும் கழற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நான் பாட்டிலைப் பார்ப்பதே இல்லை, பொட்டைத்தான் பார்ப்பேன். என் மகளுக்குக் கொடுத்த மருந்தை அவளிடமிருந்து பிடுங்கி என் மகன் கண்ணில், என் கையாலேயே என்னை விடவைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம்.

"யாரு மாத்துனது?" என்றேன்.

"நைனாதான். நான் இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் மென்று முழுங்கினார். "சொன்னாரு. சரின்னேன்."

"ஏன்?"

"ஏன்னா? நான் பட்டது போதாதா?"

அவர் பட்டது எங்கள் தெருவுக்கே தெரியும். ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறி, கண் சோதனையில் வெளியே அனுப்பப்பட்டவர். இப்போது அரக்கோணம் ரோட்டில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். திருத்தணி ஸ்டேஷனில் ரயில் ஊதினால் இன்றைக்கும் முகம் மாறிவிடும். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வருத்தத்துக்கு என் மகளா கிடைத்தாள்? தான் ஓட்டாத ரயிலை மகன் ஓட்ட வேண்டும் என்றால் மகள் குருடாகப் போனாலும் பரவாயில்லையா? அங்கேயே அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. இதைப் பொய்யாக மழுப்ப எனக்கு விருப்பமில்லை.

டாக்டருக்கும் கோபம்தான். ஆனால் அவர் கோபம் தாழ்ந்த குரலில் வந்தது.

"சார், பள்ளிப்பட்டு வரைக்கும் நூத்துக்கணக்குல பிள்ளைங்க இதுல இருக்காங்க. நாலு வீட்ல உங்களமாதிரி மாத்துனா, வேலை செய்யற மருந்த வேலை செய்யலன்னு நாங்க சொல்லிடுவோம். அப்புறம் அந்தப் பிள்ளைங்க எல்லாருக்கும் அது கிடைக்காமயே போயிடும். இது உங்க வீட்டு விஷயம் மட்டும் இல்ல."

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். இப்ப தெரிஞ்சுபோச்சு இல்ல? பையன் பாட்டில்லதான் மருந்து இருந்திருக்குது. அது பொண்ணுக்குப் போயிடுச்சு. அவளுக்கு நின்னுடுச்சு, இவனுக்கு ஏறிடுச்சு. இன்னிலேருந்து அவனோடத அவனுக்கே குடுத்துடறோம்."

"அப்படிச் சொல்ல முடியாது. சில பிள்ளைங்களுக்கு மருந்தே இல்லாமயும் நிக்கும். சிலருக்கு மருந்து விட்டும் ஏறும். ரெண்டு பேருக்கும் மருந்தில்லாத சொட்டாவே இருந்திருக்கலாம், ரெண்டு பேருக்குமே மருந்தாவும் இருந்திருக்கலாம். ரெண்டு பிள்ளைங்கள வெச்சு முடிவு பண்ண முடிஞ்சா நாங்க எதுக்கு இத்தன பேரச் சேக்கறோம்?"

அவர் காதில் அது ஏறவில்லை. ஏறாது என்று எனக்கும் தெரியும். நாங்கள் கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு பாட்டிலையும் டாக்டர் திருப்பி வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் இனி இந்த ஆய்வில் இல்லை, நடந்ததை மேலே சொல்ல வேண்டும், அடுத்த மாதம் இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள், என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதுவரை தினம் வெளிச்சத்தில் நன்றாக விளையாடவிடுங்கள் என்றார். எழுந்தபோது என் கையை மட்டும் பிடித்து, "அம்மா, நீங்க வாங்க," என்றார். ஒரு வருஷம் கழித்தாவது யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்ததே.

ஆட்டோவில் பிள்ளைகள் நடுவில், நாங்கள் இரண்டு பக்கம். சோதனைக்கு விட்ட சொட்டில் இரண்டு பேருக்கும் கண் கூசியது. தேவயானி தன் துப்பட்டாவை எடுத்துத் தம்பி முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். பைபாஸ் தாண்டும்போது என் வீட்டுக்காரர் அவர்கள் தலைக்கு மேல் குனிந்து என்னிடம், "ஷோபனா, பசங்களுக்குத் தெரிய வேணாம்," என்றார். அவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் உன் அப்பாவும் தாத்தாவும் உனக்கு இப்படிச் செய்தார்கள் என்று பத்து வயதுப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? அவளுக்குத் தெரியாமலே போகட்டும், பெரியவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டில் மாமனார் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை உள் அறையில் படுக்கச் சொல்லிவிட்டு வந்து அவர் எதிரில் நின்றேன்.

"மாமா, மூடி மாத்துனது நீங்களா?"

அவர் திடுக்கிடவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "ஆங். நான்தான்."

"எப்படி மாமா மனசு வந்துது?"

"நான் இன்னா தானா மாத்துனேன்? முருகன் கிட்ட உத்தரவு கேட்டுதான் மாத்துனேன்." கடலைத் தோலை ஊதினார். "கிருத்திகைக்கு மலைக்குப் போனேனே, அன்னிக்கு. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சந்நிதில வெச்சு எடுத்தேன். வெள்ளை வந்தா பொண்ணு பாட்டில்ல மருந்து, சிவப்பு வந்தா பையன் பாட்டில்ல மருந்து. வெள்ளை வந்துது. கம்ப்யூட்டரும் சீட்டுதான் போட்டுது, நானும் சீட்டுதான் போட்டேன். கம்ப்யூட்டரவிட முருகன் சின்னவனா?"

பெண் பார்க்கப் போகலாமா, கிணறு எங்கே வெட்டலாம், பங்காளியோடு சமாதானம் பேசலாமா, எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் பூப் போட்டுப் பார்ப்பார்கள். என் கல்யாணமே அப்படி முடிவானதுதான். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் இந்த மனிதர் சாமியிடம் கேட்டது என்ன? எந்த பாட்டிலில் மருந்து என்று கேட்டார். அது யாருக்குப் போக வேண்டும் என்று கேட்கவே இல்லை. அதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் படியேறியிருக்கிறார்.

இதை அப்படியே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"இன்னாம்மா பெரிய வார்த்தை எல்லாம் பேசற? அவ மேல எனக்குப் பாசம் இல்லையா? அவளத்தான் கூட்டிகினு மலை ஏறுனேன். அவ கையாலதான் பொட்டலத்தையே எடுக்கச் சொன்னேன்."

நான் இன்னும் ஒரு அடி அவர் கிட்டே போனேன்.

"யார் கையால?"

"தேவயானி கையாலதான். கொழந்த கையால எடுத்தாதானே பலிக்கும்? வளவன் படியேற மாட்டேன்னுட்டான். அவதான் கூட வந்தா, பாவம்."

பாவம் என்கிறார். அவளுடைய மருந்தைப் பிடுங்குவதற்கு அவளையே கையை நீட்டச் சொல்லிவிட்டு, பாவம் என்கிறார். என்னத்துக்கு எடுக்கிறோம் என்று தெரியாமல், தாத்தா சொன்னாரே என்று எடுத்திருப்பாள். பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைப் பூவைப் பார்த்ததும் தாத்தா சந்தோஷப்பட்டதைப் பார்த்து அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எல்லாம் சரி நைனா, ஆனா தப்பாப் போயிடுச்சே. வளவனுக்கு ரெண்டு மடங்கு ஏறிகீது. பாப்பாவுக்கு ஏறல. மருந்து அவன் பாட்டில்லதான் இருந்திருக்குது."

மாமனாரின் கை நின்றது. ஒரு வருஷமாக அசையாத அந்த முகம் அப்போதுதான் கலங்கியது. பேத்திக்குச் செய்தது வெளியே வந்தபோது கலங்காத முகம். "ஐயையோ," என்றார். "புள்ளைக்கா? புள்ளைக்கா ஏறிடுச்சு?" சுற்றிலும் பார்த்தார். அப்போது உள் அறை வாசலில், கூசுகிற கண்ணை இடுக்கிக்கொண்டு தேவயானி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"ஏன் கண்ணு," என்றார் அவளிடம், "நீ தப்பா எடுத்துட்டியே. மனசுல முருகன நெனச்சு எடுன்னு சொன்னேனே. வேற எங்கயோ பராக்குப் பாத்துகினே எடுத்தியா?"

தேவயானி தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே கட்டிலில் படுத்திருந்த தம்பியைப் பார்த்தாள். "நான் எடுத்ததாலதான் தம்பிக்கு ஏறிச்சா?"

"இல்லடி," என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "மாமா, இன்னொரு தடவை அவ கையப் பத்திப் பேசுனீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"ஷோபனா, பெரியவங்க கிட்ட பாத்துப் பேசு," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ பேசாத!"

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டேன். திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆட்டோவில் நான் எடுத்த முடிவும் அதோடு போயிற்று. இதை மறைத்தால் என் மகள் சாகிற வரை தம்பி கண் தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். தம்பி கண்ணாடியைத் துடைப்பதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தன் கையைப் பார்த்துக்கொள்வாள். அந்தப் பழி அவள் தலையில் விழக்கூடாது. வேறு எது உடைந்தாலும் உடையட்டும்.

"சொல்லுங்க மாமா," என்றேன். "எதுக்குப் பூ எடுக்கச் சொன்னீங்கன்னு நீங்களே உங்க வாயால அவ கிட்ட சொல்லுங்க. சொல்லாம இங்கேருந்து யாரும் எழுந்திருக்கக் கூடாது."

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல்தான் சொன்னார். அவருக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை. ரெண்டு பாட்டிலில் ஒன்றில் மருந்து, ஒன்றில் தண்ணி, எதில் என்று தெரியவில்லை, அதனால் பூ எடுத்தோம், தம்பி ரயில் ஓட்டப் போகிறவன், அதனால் அவனுக்கு மாற்றிக் கொடுத்தோம். பூசைக்கு என்னென்ன வாங்கினோம் என்று சொல்வது போலவே சொன்னார். டாக்டர் சொன்னதையும் நான் சொன்னேன், இரண்டிலும் மருந்து இருந்திருக்கலாம், இரண்டிலுமே இல்லாமலும் இருந்திருக்கலாம், யாருக்கும் இன்னும் தெரியாது என்று. தேவயானி குறுக்கே பேசாமல் கேட்டாள். கணக்கு வாத்தியார் பலகையில் போடுவதைப் பார்க்கும்போது நெற்றியைச் சுருக்குவாளே, அப்படிச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, வெள்ளை வந்துது. அதனால என்னோடத தம்பிக்குக் குடுத்தீங்க."

"ஆங் கண்ணு."

"சிவப்பு வந்திருந்தா?"

மாமனார் யோசிக்கவே இல்லை. "சிவப்பு வந்திருந்தா மாத்தறதுக்கு இன்னா கீது? மருந்து அவன் பாட்டில்லயே இருக்குதுன்னு அர்த்தம். அவனோடது அவனுக்கு."

"அப்ப நான் எந்தப் பொட்டலத்த எடுத்திருந்தாலும் எனக்குத் தண்ணிதானா தாத்தா?"

அவர் வாயைத் திறந்தார். மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். ஒரு வருஷம் இதை யோசித்து, பேசி, மாதாமாதம் மூடி கழற்றி மாற்றிய இரண்டு ஆம்பிளைகள். அவள் பெயர்கூடத் தெரியாத அந்தக் கம்ப்யூட்டராவது என் மகளுக்குப் பாதி வாய்ப்புக் கொடுத்திருந்தது.

"ஆமாண்டி," என்றேன் நான். "எதை எடுத்திருந்தாலும் தண்ணிதான்."

"ஷோபனா!" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார். அந்த அதட்டலுக்கு இனி இந்த வீட்டில் என்ன மரியாதை இருக்கிறது என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

தேவயானி அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்ப நான் ஒண்ணும் தப்பா எடுக்கல," என்றாள். எங்களிடம் அல்ல, தனக்குத்தானே. பிறகு உள்ளே போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமனார், "கண்ணு, இங்க வாயேன்," என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவள் திரும்பவில்லை.